தண்ணீரோடு மல்லுக்கட்டும் தேவாலயம்

அமெரிக்காவில் சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க் ஊரின் லேக் வீதியில் இருக்கும் யூனிட்டி டெம்பிள், பார்த்ததும் தேவாலயம் என்று சொல்லிவிடக்கூடிய கட்டடம் அல்ல. அதற்கு ஊசிக் கோபுரம் கிடையாது, வெளியே சிலுவை கிடையாது, வீதியைப் பார்த்த வாசல்கூடக் கிடையாது. கனத்த கான்கிரீட் சுவர்களும் தட்டையான கூரைகளும்தான் கண்ணில் படும். கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த இந்த வழிபாட்டிடம் 1906-க்கும் 1908-க்கும் இடையில் எழுந்தது. நவீன கட்டடக் கலையின் வரலாறு எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போவதில்லை. பழைய கான்கிரீட்டைப் பராமரிப்பது எவ்வளவு பாடு என்பதற்கும் இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

இதைக் கட்டிய சபையாரின் பழைய ஆலயம் மரத்தால் ஆனது. 1905 ஜூன் மாதம் அதன் கோபுரத்தில் இடி விழுந்து, முழுவதும் எரிந்துபோனது. புதியதைக் கட்டும் பொறுப்பு அதே ஊரில் வசித்த ரைட்டிடம் வந்தது. இறைவன் ஒருவனே, திரித்துவம் இல்லை என்று கருதும் யுனிடேரியன் மரபு அவருடைய குடும்பத்துக்குப் பழக்கமானது. (சென்னைக்கும் இந்த மரபு புதிதல்ல, வில்லியம் ராபர்ட்ஸ் என்ற தமிழர் தொடங்கிய யுனிடேரியன் சபை இங்கே இரண்டு நூற்றாண்டுகளாக இருக்கிறது.) சிலுவையும் கோபுரமும் இல்லாத ஆலயத்தை அதே மரபைச் சேர்ந்த ஓக் பார்க் சபை ஏற்றுக்கொண்டதில் வியப்பு ஒன்றும் இல்லை.

கான்கிரீட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் கலையைவிடக் காசுதான் முதல் காரணம். சபையிடம் பணம் குறைவு. அந்தக் காலத்தில் தொழிற்சாலை, கிடங்கு, பாலம், அஸ்திவாரம் இவற்றுக்குத்தான் கான்கிரீட். கௌரவமான கட்டடத்தில் அதைப் பயன்படுத்தினாலும் மேலே கல்லோ செங்கல்லோ பதித்து மறைத்துவிடுவார்கள். ரைட் மறைக்கவில்லை. பிரதான மண்டபத்தைச் சதுரமாக வகுத்து, நான்கு பக்கமும் ஏறத்தாழ ஒரே மாதிரி அமைத்தார். ஒரு பக்கத்துக்கு அடித்த சென்ட்ரிங் பலகையையே மற்ற பக்கங்களுக்கும் திருப்பிப் பயன்படுத்தலாம் என்பது கணக்கு. வெளிச்சுவரில் பூச்சு இல்லை; கலவையில் சேர்த்த பொடிக் கூழாங்கற்கள் மேலே தெரியும்படி விட்டார்கள். இவ்வளவு சிக்கனம் பார்த்தும் மதிப்பிட்டதைவிடச் செலவும் கூடியது, காலமும் நீண்டது. கட்டிக் கொடுத்த ஒப்பந்தக்காரர் பால் முல்லர், பின்னாளில் தோக்கியோவில் ரைட்டின் இம்பீரியல் ஹோட்டலைக் கட்டவும் போனார்.

வெளியே இறுகிக் கிடக்கும் இந்தக் கட்டடம் உள்ளே வேறு மாதிரி. லேக் வீதியில் டிராம் ஓடிக்கொண்டிருந்ததால் கீழ்ச்சுவர்களில் ஜன்னலே வைக்கவில்லை. வழிபாட்டு மண்டபத்துக்கும், சபைக் கூட்டங்களுக்கான யூனிட்டி ஹவுஸ் என்ற பகுதிக்கும் நடுவில், பக்கவாட்டில் வாசல். அங்கிருந்து தாழ்ந்த, மங்கலான நடை ஒன்றின் வழியே சுற்றிப் போய்ப் படியேறினால் திடீரென்று உயரமும் வெளிச்சமும். சுவரின் உச்சியில் நான்கு பக்கமும் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். கூரையில் குறுக்கும் நெடுக்கும் ஓடும் உத்தரங்களுக்கு இடையே தேன் நிறம் கலந்த 25 கண்ணாடிப் பலகணிகள். மேகமூட்டமான நாளிலும் வெயில் அடிப்பதுபோல் மண்டபம் தெரிய வேண்டும் என்பது ரைட்டின் நோக்கம். அது நிறைவேறியும் இருக்கிறது. சுமார் 400 பேர் உட்காரலாம். மூன்று பக்கமும் மாடங்கள் இருப்பதால், பிரசங்க மேடையிலிருந்து 15 மீட்டருக்கு மேல் தள்ளி யாரும் உட்கார வேண்டியதில்லை. வழிபாடு முடிந்து வெளியேறும் கதவுகளும் மேடையின் இரு பக்கத்திலேயே இருக்கின்றன. போதகருக்கு முதுகைக் காட்டாமல், அவரைப் பார்த்தபடியே போகலாம்.

கோளாறுகளின் மூலமும் இந்த அழகிலேயே இருக்கிறது. பெட்டி வடிவம் கெடாமலிருக்க, வெவ்வேறு உயரங்களில் 16 தட்டைக் கூரைகள். மழைநீர்க் குழாய் வெளியே தெரிந்தால் சுவரின் முகம் கெடும் என்று, நீர் இறங்கும் வழியைக் கட்டடத்துக்குள்ளேயே மறைத்தார் ரைட். இலையும் பனிக்கட்டியும் அடைத்துக்கொண்டால் கூரையில் தண்ணீர் தேங்கும். குழாய் எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பதற்கும் வழியில்லை. நீண்ட சுவர்கள் வெயிலில் விரிந்து குளிரில் சுருங்க இடைவெளி இணைப்புகளும் விடப்படவில்லை. ஆகவே கான்கிரீட் தானாகவே விரிசல் விட்டு இடம் தேடிக்கொண்டது.

விரிசலில் இறங்கிய நீர் சும்மா இருப்பதில்லை. சிகாகோவின் குளிர்காலத்தில் அது உறைந்து, பருமனில் ஏறத்தாழ 9 சதவீதம் பெருகி, விரிசலை இன்னும் நெம்பும். பிறகு உருகி மேலும் உள்ளே போகும். அடுத்த தாக்குதல் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி மீது. புதிய கான்கிரீட்டின் காரத்தன்மை இரும்பைத் துருவிலிருந்து காக்கும். ஆனால் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு ஆண்டுக்கணக்கில் உள்ளே ஊறி அந்தக் காரத்தைக் குறைத்துவிடுகிறது. அதன் பிறகு ஈரம் பட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், மேலே இருக்கும் கான்கிரீட் உப்பிப் பெயர்கிறது. நம் ஊர்ப் பழைய வீடுகளில் தளம் பொரிந்து விழுந்து, பழுப்புக் கம்பி எட்டிப் பார்ப்பதும் இதே கதைதான். அங்கே உறைபனி மட்டும் கூடுதல்.

1973-ல் ஆலயத்தைக் காக்க ஒரு தனி அறக்கட்டளை தொடங்கப்பட்டது. அந்தக் கட்டத்தில் நடந்த பெரிய பழுதுபார்ப்பில், வெளிச்சுவரின் மேல் புதிய கான்கிரீட்டை அழுத்தத்தில் பீச்சியடித்து மூடினார்கள். கட்டடம் பிழைத்தது. ஆனால் இன்று வெளியில் தெரியும் கூழாங்கற்களில் பெரும்பகுதி ரைட் காலத்தவை அல்ல. கல் கட்டடமாக இருந்தால் கெட்ட கல்லை மட்டும் பிடுங்கி மாற்றலாம். ஒரே வார்ப்பாக நிற்கும் சுவரில் பழையது எது, புதியது எது என்று கோடு போட முடியாது. கான்கிரீட் பாதுகாப்பில் தீராத சிக்கல் இது. ஆனாலும் அன்று கைவைக்காமல் விட்டிருந்தால் இன்று விவாதிக்கச் சுவரே மிஞ்சியிருக்காது.

தண்ணீர் ஓயவில்லை. 2008-ல் கனமழைக்குப் பிறகு மண்டபத்தின் உட்கூரைப் பூச்சு பெரிய துண்டாகப் பெயர்ந்து விழுந்தது. அடுத்த ஆண்டே, வரலாற்று இடங்களைக் காக்கும் அமெரிக்கத் தேசிய அறக்கட்டளை, நாட்டில் மிகவும் ஆபத்தில் இருக்கும் 11 இடங்களின் பட்டியலில் இந்த ஆலயத்தைச் சேர்த்தது. பணம் திரட்டப்பட்டது, ஆல்ஃபாவுட் என்ற அறக்கட்டளை மட்டும் 1 கோடி டாலர் தந்தது. 2015-ல் தொடங்கி 2017-ல் முடிந்த புதுப்பிப்புக்கு மொத்தம் சுமார் 2.5 கோடி டாலர் செலவானது.

அந்தப் பணத்தில் கூரைகளுக்கு நீர் இறங்காத புதிய மேலடுக்கு போட்டார்கள், வடிகால்களைச் சீர்செய்தார்கள். 1973-ன் அடுக்கில் உறுதியாக இருந்ததை அப்படியே விட்டு, பெயர்ந்த இடங்களை மட்டும் ஒட்டுப்போட்டார்கள். ஒட்டு தெரியாமலிருக்க ஜல்லியின் அளவும் நிறமும் பக்கத்துச் சுவரோடு ஒத்துப்போக வேண்டும். மாதிரிக் கலவைகளை வார்த்துப் பார்த்துத்தான் இதை முடிவு செய்ய முடியும். உள்ளே மணற்பூச்சின் மேல் ரைட் மெல்லிய சாயமாக ஏற்றியிருந்த மஞ்சளும் பச்சையும் பிந்தைய பெயின்ட் அடுக்குகளில் புதைந்திருந்தன. அவற்றைச் சுரண்டி ஆராய்ந்து பழைய நிறங்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கண்ணாடிகளைக் கழற்றிச் செப்பனிட்டார்கள். உள்ளீடற்ற தூண்கள் வழியாக வெப்பக் காற்றை அனுப்பும் ரைட்டின் ஏற்பாடு தொடக்கத்திலேயே சரிவரவில்லை. இப்போது நிலத்தடி வெப்பத்தைப் பயன்படுத்தும் நவீன முறை வந்திருக்கிறது.

2019-ல் ரைட்டின் எட்டுக் கட்டடங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தோடும் பென்சில்வேனியாவின் ஃபாலிங்வாட்டர் வீட்டோடும் யூனிட்டி டெம்பிளும் இடம்பெற்றது. ஞாயிறு தவிர மற்ற நாட்களில் பார்வையாளர்கள் சுற்றிப் பார்த்துப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சபை வழிபாடு வழக்கம்போல் நடக்கிறது.