வகுப்பறையில் பேச்சுப் பயிற்சி

(மூன்றாம் ஆண்டு இளங்கலைத் தமிழ் மாணவன்)

கற்றதைப் பிறர் உணர எடுத்துச் சொல்லத் தெரியாதவரைக் கொத்தாக மலர்ந்தும் மணம் வீசாத பூவுக்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர். 'சொல்வன்மை' அதிகாரத்தின் இறுதிக் குறள் அது. பள்ளியில் அக்குறளை மனப்பாடமாக எழுதி முழு மதிப்பெண் பெற்றவன் நான். எழுந்து பொருள் சொல்லச் சொன்னபோது வாய் திறவாமல் நின்றவனும் நானே!

அதற்குக் காரணம் உண்டு. ஆறாம் வகுப்பில் ஒருநாள், "நேத்து மழ பேஞ்சுது" என்றேன். வகுப்பே சிரித்தது, ஆசிரியரும் சிரித்தார். அன்று மூடிய வாய் கல்லூரிக்கு வந்த பின்னும் திறக்கவில்லை.

தமிழில் பேச்சு வழக்கு வேறு, எழுத்து வழக்கு வேறு. இதனை மொழியியலார் இரட்டை வழக்கு என்பர். குழந்தை வீட்டிலிருந்து கொண்டுவருவது முன்னது. பாடநூல் எதிர்பார்ப்பது பின்னது. முன்னதைப் பிழையென்று தள்ளிவிட்டால், குழந்தைக்கு மிஞ்சுவது மௌனமே.

கேட்டல், பேசல், படித்தல், எழுதுதல் என்னும் நான்கு திறன்களுள் முதலிரண்டும் தாமே வந்துவிடும் என்று நாம் விட்டுவிடுகிறோம். பொதுத்தேர்வின் மொழித்தாளும் எழுத்தையே அளக்கிறது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேசுவோரோ ஆண்டு முழுதும் அதே இருவர் மூவர்.

சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமின்போது, ஒரு சிற்றூர்ப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பில் பேச்சுப் பயிற்சி நடத்தும் வாய்ப்புக் கிட்டியது. "உங்கள் ஊரைப் பற்றிப் பேசுங்கள்" என்றேன். எல்லாத் தலைகளும் குனிந்தன. வாயே திறக்காத பிள்ளை என்று எனக்குச் சொல்லப்பட்ட ஒரு சிறுமியை அன்று மாலை பேருந்து நிறுத்தத்தில் கண்டேன். தாயுடன் அமர்ந்து, "மொழம் முப்பது ரூவாக்கா, வாங்கிக்கங்க" என்று கணீரெனப் பூ விற்றுக்கொண்டிருந்தாள்!

மறுநாள், "பூ எப்படித் தொடுப்பது?" என்று அவளிடம் கேட்டேன். "ரெண்டு பூவ இந்தப் பக்கம், ரெண்டு பூவ அந்தப் பக்கம் வச்சு..." என்று தொடங்கியவள் நிறுத்தவே இல்லை. பிறர் கேள்வி கேட்டனர்; விடை சொன்னாள். "இதையே மேடையில் எப்படிச் சொல்வாய்?" என்றேன். "இரண்டு பூக்களை..." என்று அவளே மாற்றிச் சொன்னாள்.

இதிலிருந்து நான் கற்றவை நான்கு. முதலாவது, பிள்ளைக்குத் தெரிந்த பொருளைப் பேசச் சொல்ல வேண்டும். இரண்டாவது, முதலில் இருவர் இருவராகப் பேசவிட்டுப் பின்னரே வகுப்பின் முன் நிறுத்த வேண்டும். மூன்றாவது, குறுக்கிட்டுத் திருத்தலாகாது; பேசி முடித்தபின் நல்ல வடிவத்தை நாம் சொல்லிக் காட்டலாம். நான்காவது, காத்திருக்க வேண்டும். கேள்வி கேட்ட ஆசிரியர் பெரும்பாலும் ஒரு விநாடிகூடப் பொறுப்பதில்லை என்றும், 3 விநாடி பொறுத்தால் விடைகள் நீள்கின்றன, பேசாதவரும் பேசுகின்றனர் என்றும் 1970களில் அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டறிந்தார்.

முகாம் நிறைவு விழாவில் நன்றி கூறியவள் அச்சிறுமியே. அவளுக்குப் பின் நானும் பேசினேன். கால் நடுங்கியது, ஆயினும் பேசினேன்.

நம்மில் பலர் நாளை ஆசிரியராவோம். "மழ பேஞ்சுது" என்று ஒரு பிள்ளை சொல்லும்போது சிரிக்காமல், "அப்புறம்?" என்று கேட்போம்.