பேட்டரிக்குள் ஊற்றும் பிசின்

பழைய லேப்டாப்களில் கழற்றி மாட்டும் பேட்டரி பேக் ஒரே பேட்டரி அல்ல. அதனுள் பெரும்பாலும் 18650 எனப்படும் லித்தியம் செல்கள் இருக்கும். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். கூடவே சார்ஜைக் கண்காணிக்கும் சிறிய சர்க்யூட் போர்டும் உண்டு. எலெக்ட்ரிக் ஸ்கூட்டரிலும் இதே அமைப்புதான், செல்கள்தான் அதிகம்.

ஸ்கூட்டர் மழையில் நனையும், குண்டும் குழியுமான சாலையில் குலுங்கும். அதற்காகப் போர்டின் மேலோ செல்களுக்கு இடையிலோ திரவப் பிசினை ஊற்றி இறுக விடுகிறார்கள். இதன் பெயர் பாட்டிங். முக்கிய வகைகள் மூன்று.

எபாக்ஸி: கல் போல் இறுகும். பிறகு ரிப்பேர் பார்ப்பது கடினம்.

பாலியூரித்தேன்: சற்று வளைந்து கொடுக்கும். அதிர்வைத் தாங்கும்.

சிலிக்கோன்: ரப்பர் போல் இருக்கும். 200 டிகிரி செல்சியஸ் வெப்பம் தாங்கும் வகைகளும் உண்டு.

"எம்-சீல் வைத்து நானே அடைத்து விடட்டுமா?" என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். கூடவே கூடாது என்றேன். இந்தச் செல்லின் பாசிட்டிவ் முனையில் வாயு வெளியேற வழி உண்டு. உள்ளே அழுத்தம் கூடினால் அது திறந்து கொள்ளும். அதை அடைத்தால் செல் வெடிக்கலாம். செல் கோளாறு சாதாரண விஷயமல்ல. தீப்பிடிக்கும் அபாயத்தால் 2006ல் டெல் நிறுவனம், சோனி செல்கள் கொண்ட 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது.

உங்கள் பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தாதீர்கள், திறக்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். குப்பைத் தொட்டியிலும் போட வேண்டாம். சர்வீஸ் சென்டரில் கொடுத்து விடுங்கள்.