பிள்ளைப்பேறும் பில் தொகையும்

முதல் பிரசவம் தாய்வீட்டுச் செலவு என்பது நம் பக்கத்து வழக்கம். வளைகாப்பு முடிந்து பெண்ணை அழைத்து வந்த நாளிலிருந்தே அவள் தகப்பனாருக்குக் கவலை பிடித்துக்கொள்கிறது. "சுகப் பிரசவமா, ஆபரேஷனா?" கைப்பணம் போதுமா, பெட்டியிலிருக்கும் நகை அடகுக்குப் போகுமா என்பதெல்லாம் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த தறிக்காரர் ஒருவர் தம் மூத்த மகளின் ஆஸ்பத்திரி பில்லைக் கொண்டுவந்து காட்டினார். ஊரும் பெயரும் வேண்டாம். சேர்க்கும்போது அவர்கள் சொன்னது 35 ஆயிரம். வெளியே வரும்போது கட்டியது 92 ஆயிரம்!

"இடையிலே என்னங்க நடந்தது?" என்று என்னையே கேட்டார்.

பில்லிலேயே பதில் இருந்தது. 35 ஆயிரம் என்பது சுகப் பிரசவத்துக்கான தொகை. வலி கண்டு வெகு நேரமாகியும் பிள்ளை இறங்கவில்லை. இதயத் துடிப்பு குறைகிறது என்று ஆபரேஷன் செய்துவிட்டார்கள். உடனே தியேட்டர் வாடகை, மயக்க மருந்து டாக்டர், உதவி டாக்டர் என்று வரிசையாக வந்துவிட்டார்கள். இரண்டு நாளில் வீடு திரும்ப வேண்டியவள் ஐந்து நாள் தங்கினாள். குழந்தைக்கு மஞ்சள் காமாலை கண்டு விளக்கொளியில் வைத்தார்கள். அது தனிக் கணக்கு. குழந்தை பிறந்த நிமிஷத்திலிருந்து அதுவும் ஒரு நோயாளி என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

இன்னொரு சங்கதி. தனி அறை எடுத்தால் அறை வாடகை மட்டும்தான் கூடும் என்று நினைக்கிறோம். பல ஆஸ்பத்திரிகளில் அறையின் தரத்துக்கேற்ப டாக்டர் கட்டணமும் தியேட்டர் கட்டணமும்கூட ஏறுகின்றன. அதே கத்தி, அதே தையல்!

ஆபரேஷன் அதிகமாகிவிட்டது என்பது வெறும் புலம்பல் அல்ல. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் சுமார் 45 ஸிஸேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளில் 64; அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 36. இந்தியா முழுமைக்கும் சேர்த்துப் பார்த்தால் 22தான். பணத்தாசை என்று ஒரே வார்த்தையில் டாக்டர்களைச் சாடிவிடலாம். ஆனால் முதல் பிள்ளை ஆபரேஷன் என்றால் அடுத்ததும் பெரும்பாலும் அப்படியே ஆகிறது. ஜோசியரிடம் நட்சத்திரம் குறித்துக்கொண்டு போய், "இந்த நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள், டாக்டரம்மா" என்று நிற்கும் மாமியார்களும் இருக்கிறார்களே!

அரசாங்க ஆஸ்பத்திரியில் என்ன செலவு? 2011 முதல் மத்திய அரசுத் திட்டப்படி பிரசவம், ஆபரேஷன், மருந்து, பரிசோதனை, ரத்தம், தாய்க்குச் சாப்பாடு, வீடு திரும்ப வண்டி எல்லாமே இலவசம். அதோடு ஏழைத் தாய்மாருக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலுள்ள திட்டத்தில் உதவி உண்டு. 2018ல் இது 18 ஆயிரமாக உயர்ந்தது. 14 ஆயிரம் பணமாக, மீதி சத்துப்பொருள் பெட்டகமாக. ஆனால் கர்ப்பம் தெரிந்ததுமே கிராம சுகாதார நர்ஸிடம் பதிந்துகொள்ள வேண்டும்.

இலவசம் என்றாலும் சட்டைப்பை காலியாகத்தான் செய்கிறது. துணைக்கு வந்தவருக்குச் சாப்பாடு, பஸ் கட்டணம், போன கூலி. பிறகு வார்டு வாசலில் நீளும் கை. ஆண் குழந்தை என்றால் ஒரு தொகை, பெண் என்றால் கொஞ்சம் குறைவு. இந்த ரேட்டை எந்தச் சர்க்கார் நிர்ணயித்ததோ!

தனியாரிடம்தான் போவது என்றால் மூன்று கேள்விகளை முன்னதாகவே கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆபரேஷன் ஆனால் மொத்தம் எவ்வளவு? மருந்து அதில் சேர்த்தியா? குழந்தைக்குச் சிகிச்சை தேவைப்பட்டால் ஒரு நாளைக்கு என்ன? இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் பாலிஸியைப் பிரித்துப் படியுங்கள். பலவற்றில் பிரசவத்துக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. கர்ப்பமான பிறகு எடுத்துப் பயனில்லை.

தறிக்காரரின் இளைய மகளுக்கு இப்போது மூன்றாம் மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்தாகிவிட்டது. மூத்தவளுக்காக அடகு வைத்த சங்கிலி இன்னும் மீளவில்லை.