பத்தில் இரண்டு: 1971-ல் மார்ஷல் அணி

பத்து ஆட்டம், இரண்டு வெற்றி, எட்டுத் தோல்வி. வேறெந்தக் கல்லூரியிலும் இந்தக் கணக்கைக் காட்டிய பயிற்சியாளருக்கு மறுவருடம் வேலை இருக்குமா என்பது சந்தேகம்தான். 1971-ல் மார்ஷல் பல்கலைக்கழகத்தில் அந்தக் கேள்வியே எழவில்லை. அணி களத்தில் இறங்கியதே அங்கே பெரிய சேதி.

மேற்கு வர்ஜீனியாவில், ஓஹையோ ஆற்றங்கரையிலுள்ள ஹன்டிங்டன் என்ற ஊரில் இருக்கிறது மார்ஷல். 1970 நவம்பர் 14 இரவு, வட கரோலினாவில் ஆடித் தோற்றுத் திரும்பிய அணியின் விமானம், ஊர் விமான நிலையத்தை நெருங்கும்போது குன்றில் மோதியது. அதில் இருந்த 75 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. 37 ஆட்டக்காரர்கள், தலைமைப் பயிற்சியாளர் ரிக் டாலி, உதவிப் பயிற்சியாளர்கள், அணிக்குக் கைகொடுத்துவந்த ஊர்ப் பிரமுகர்கள் எல்லோரும் போய்விட்டார்கள்.

அணியைக் கலைத்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. தொடர்வதென்று முடிவான பிறகு, பயிற்சியாளர் கிடைப்பது பெரும்பாடாயிற்று. ஒருவர் ஒப்புக்கொண்டு உடனே விலகினார். பிறகு வந்தவர்தான் ஜாக் லெங்கியேல். ஓஹையோவின் ஊஸ்டர் என்ற சிறு கல்லூரியில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர்.

ஆளுக்கு எங்கே போவது? இங்கே ஒரு விதியைச் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கால்பந்தில், அதாவது பந்தைக் கையில் ஏந்தி ஓடி மோதும் ஆட்டத்தில், அப்போது முதலாண்டு மாணவர்கள் கல்லூரியின் முதன்மை அணியில் ஆடக் கூடாது. அவர்களுக்குத் தனி அணி. அதனால்தான் 1970-ல் சேர்ந்த பையன்கள் அந்த விமானத்தில் ஏறவில்லை. மறுவருடம் அவர்களே அணியின் முதுகெலும்பு. அவர்களும் போதவில்லை. 1971-ல் புதிதாகச் சேர்ந்தவர்களையும் களமிறக்க, கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்.சி.ஏ.ஏ. மார்ஷலுக்கு விலக்கு அளித்தது. 1972-ல் அந்தத் தடை எல்லாக் கல்லூரிகளுக்கும் நீங்கியது. காயத்தால் பயணம் போகாத நேட் ரஃபின் போன்ற மிகச் சிலரே பழைய முகங்கள்.

இத்தனை இளம் கூட்டத்தை வைத்து என்ன ஆடுவது? பலமான ஆட்களை முட்டித் தள்ளும் ஆட்டம் இவர்களுக்குச் சரிப்படாது. அதே மாநிலத்தின் பெரிய அணியான மேற்கு வர்ஜீனியாவுக்கு அப்போது பயிற்சியாளர் பாபி பௌடன். அவர் தன் ஆட்டமுறையை மார்ஷலுக்குத் திறந்து காட்டினார். ‘வீர்’ என்பது அதன் பெயர். எதிரணி முன்வரிசையில் ஒருவரை வேண்டுமென்றே தடுக்காமல் விட்டுவிடுவார்கள். பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் அவரையே கவனிப்பார். அவர் உள்ளே பாய்ந்தால் குவார்ட்டர்பேக் பந்தைத் தானே வைத்துக்கொண்டு வெளியே ஓடுவார், அல்லது ஓரத்தில் வருபவருக்கு வீசுவார். பாயாமல் நின்றால் உள்ளே ஓடும் சகாவின் கையில் திணிப்பார். ஒருவரைத் தடுக்கும் வேலை மிச்சம். உடல்பலத்தின் குறையைக் கண்ணும் காலும் ஈடுகட்டும் உத்தி.

முதல் ஆட்டத்தில் மோர்ஹெட் ஸ்டேட்டிடம் தோல்வி. செப்டம்பர் 25-ல் சொந்த மைதானத்தில் சேவியர் பல்கலைக்கழக அணியுடன் மோதல். ஆட்டத்தின் கடைசி நொடியில் மார்ஷலின் ரெஜி ஆலிவர் வீசிய பந்தை டெர்ரி கார்ட்னர் பிடித்து எல்லைக்கோட்டைத் தாண்டினார். 15-13. 2006-ல் வந்த ‘வீ ஆர் மார்ஷல்’ படத்தின் உச்சக்காட்சி இதுதான். அடுத்த வாரமே ஓஹையோவின் மயாமி பல்கலைக்கழகத்திடம் 66-6 என்று வாங்கிக்கட்டிக்கொண்டதை யாரும் படமெடுக்க மாட்டார்கள். என் கணக்கில், அந்த அடிக்குப் பிறகு பௌலிங் கிரீனை 12-10 என்று வீழ்த்தியதுதான் இரண்டில் பெரிய வெற்றி. முதலாவதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு.

லெங்கியேல் 1974 வரை இருந்தார். மொத்தம் 9 வெற்றி, 33 தோல்வி. வெற்றிகள் தோல்விகளை மிஞ்சிய பருவத்தை மார்ஷல் மறுபடி கண்டது 1984-ல்தான். அன்று தோற்ற சேவியரோ, 1973-க்குப் பிறகு கால்பந்து அணியையே மூடிவிட்டது.