கட்டட அனுமதி யாருக்காக?

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். இவ்விரண்டில், கல்யாணத்திற்கு நாம் செய்யும் விசாரணையில் பாதியைக்கூட வீட்டிற்குச் செய்வதில்லை. மணமகனின் குடும்பம் எத்தகையது, உத்தியோகம் என்ன, பழக்கவழக்கம் எப்படி என்று நாலு பேரிடம் கேட்டறிகிறோம். அதுவும் போதாதென்று, கோவிலில் மூன்று முறை ஓலை வாசித்து, தடை ஏதும் உண்டா என்று ஊரறியக் கேட்கிறோம். ஆனால் வாழ்நாள் சேமிப்பையெல்லாம் கொட்டி, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உறங்கப்போகும் வீட்டைக் கட்டித் தருகிறவரிடம் நாம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சதுர அடிக்கு என்ன ரேட்?"

சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் மனை வாங்குகிறோம். உறவினர் ஒருவர் காட்டிய காண்டிராக்டரிடம் முன்பணம் கொடுக்கிறோம். "பிளான் பாஸ் பண்ணுவதெல்லாம் என் பொறுப்பு சார், நீங்கள் கவலைப்படாதீர்கள்" என்று அவர் சொன்னதும் நிம்மதியடைகிறோம். அந்த நிம்மதிக்கு ஆதாரம் உண்டா என்பதைச் சென்னை மாநகரை முன்வைத்துச் சற்றே சிந்திப்போம்.

உரிமம் கேட்பார் உண்டா?

அமெரிக்க நாட்டின் சிக்காகோ நகரில் ஒருவர் பொதுக் கட்டட ஒப்பந்தக்காரராகத் தொழில் நடத்த வேண்டுமானால் நகராட்சியின் உரிமம் பெற்றாக வேண்டும். அவ்வுரிமம் 'ஏ' முதல் 'இ' வரை ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கடைசி வகுப்பினர் 5 இலட்சம் டாலருக்கு மேற்பட்ட வேலையை ஏற்கலாகாது. முதல் வகுப்பினருக்கு மட்டுமே வரம்பு இல்லை. காப்பீடு இல்லாதவருக்கு உரிமமும் இல்லை. கலிபோர்னியா மாநிலத்திலோ, நான்கு ஆண்டு தொழில் அனுபவம் காட்டி, சட்டத்திலும் தொழிலிலும் தேர்வெழுதி, 25,000 டாலருக்குப் பிணைப் பத்திரமும் அளிக்கவேண்டும். உரிமம் பெற்றவரெல்லாம் உத்தமர் என்று நாம் கூறவில்லை. எனினும், வீட்டுக்காரர் போய் விசாரிப்பதற்கும் முறையிடுவதற்கும் அங்கே ஓர் இடம் இருக்கிறது.

நம் சென்னையில் நிலைமை வேறு. பொதுப்பணித்துறை போன்ற அரசுத் துறைகளின் வேலைகளை எடுக்க விரும்புகிறவர் அத்துறையில் வகுப்புவாரியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆனால் தனியார் ஒருவருக்கு வீடு கட்டித் தருகிறவர், தமக்குக் கட்டத் தெரியும் என்று எந்த அலுவலகத்திலும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. வரித்துறையில் அவர் பெற்றிருக்கும் எண், அவர் வரி செலுத்துகிறார் என்பதைக் காட்டுமேயன்றி, அவர் போடும் தளம் தாங்கும் என்பதைக் காட்டாது. மேஸ்திரியாக இருந்து பல ஆண்டு உழைப்பால் உயர்ந்த திறமைசாலிகள் நம்மிடையே பலர் உண்டு. அவர்களுக்கும், நேற்றுப் பலகை எழுதி மாட்டியவருக்கும் உள்ள வேற்றுமையைச் சட்டம் நமக்குக் காட்டித் தருவதில்லை. நாமேதான் கண்டறிய வேண்டும்.

அனுமதி யார் பெயரில்?

1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, அனுமதி பெறாமல் கட்டடம் எழுப்பலாகாது. சென்னையில் சிறிய வீடுகளுக்கு மாநகராட்சியும், பெரிய கட்டடங்களுக்குச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும் அனுமதி வழங்குகின்றன. மனை 2,500 சதுர அடிக்கும், கட்டடப் பரப்பு 3,500 சதுர அடிக்கும் மேற்படாத தரைத்தள வீடுகளுக்கும், அதன்மேல் ஒரு மாடி மட்டும் கொண்ட வீடுகளுக்கும் 2024 ஜூலை முதல் சுயசான்று முறை வந்துள்ளது. உரிய ஆவணங்களுடன் இணையவழி விண்ணப்பித்தால், முன்கூட்டிய கள ஆய்வின்றியே அனுமதி கிடைக்கிறது.

அலைச்சல் குறைந்தது நல்லதே. ஆனால் 'சுயசான்று' என்ற சொல்லை நாம் நிதானமாக வாசிக்க வேண்டும். "விதிப்படியே கட்டுவேன்" என்று கையெழுத்திடுகிறவர் வீட்டுக்காரர், காண்டிராக்டர் அல்லர். பக்க இடைவெளியை விழுங்கி ஓர் அறையை நீட்டிவிட்டாலும், அனுமதியில் இல்லாத மாடியை எழுப்பிவிட்டாலும், நோட்டீசு வருவது வீட்டுக்காரருக்கே. கட்டடத்தைப் பூட்டி முத்திரையிடவும் இடிக்கவும் சட்டம் அதிகாரம் அளித்திருக்கிறது. அந்நாளில் காண்டிராக்டர் வேறு தெருவில் வேறு வீடு கட்டிக்கொண்டிருப்பார்.

மௌலிவாக்கம் தந்த பாடம்

அனுமதி வாங்கிவிட்டோம், இனிப் பயமில்லை என்று எண்ணுவதும் தவறு. 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை. போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழை வேளையில் சரிந்து தரைமட்டமாயிற்று. 61 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த கட்டடத் தொழிலாளர். இடிபாடுகளை அகற்றும் பணி நாட்கணக்கில் நீடித்தது. மின்னல் தாக்கியதே காரணம் என்றுகூட முதலில் சொல்லப்பட்டது. பக்கத்தில் நின்ற இணைக் கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

நாம் மறக்கலாகாத செய்தி ஒன்று உண்டு. அது திருட்டுத்தனமாக எழுப்பிய கட்டடம் அன்று. திட்ட அனுமதி பெற்ற கட்டடம். சாலையின் அகலம், பக்க இடைவெளி, உயரம், தளப்பரப்பு, வாகன நிறுத்துமிடம் ஆகியவற்றையே திட்ட அனுமதி முக்கியமாகப் பார்க்கிறது. மண் எவ்வளவு பாரம் தாங்கும், தூணில் எத்தனை கம்பி, கலவையில் எவ்வளவு சிமெண்டு என்பவற்றை அலுவலகத்தில் உட்கார்ந்து எவரும் காண முடியாது. அவற்றைக் காணவேண்டியவர் களத்தில் நிற்கவேண்டும்.

2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இதற்கு வழி காட்டுகின்றன. கட்டடக் கலைஞர், கட்டமைப்புப் பொறியாளர், மண்ணியல் பொறியாளர், கட்டுமானப் பொறியாளர், தரத் தணிக்கையாளர் என்று பதிவுபெற்ற வல்லுநர்களை வகைப்படுத்தி, கட்டடத்தின் அளவுக்கேற்ப அவரவர் பொறுப்பை அவை வரையறுக்கின்றன. காண்டிராக்டருக்கு உரிமம் இல்லாத குறையை இவர்களது கையெழுத்தே ஓரளவு ஈடுசெய்கிறது. அக்கையெழுத்தைச் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கி, அந்தப் பொறியாளர் முகத்தையே பாராமல் வீட்டை முடிப்போமானால், நமக்கிருக்கும் ஒரே காவலையும் நாமே நீக்கிவிடுகிறோம்.

அடுக்குமாடியில் வீடு வாங்குவோருக்கு வேறொரு காவல் உண்டு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில், அல்லது எட்டுக்கு மேற்பட்ட வீடுகளாக விற்பனைக்குக் கட்டப்படும் திட்டம், 2016-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி மனை வணிக ஒழுங்குமுறைக் குழுமத்தில் பதிவாகியிருக்க வேண்டும். எழுத்து மூலமான ஒப்பந்தம் இன்றி விலையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது. வீட்டை ஒப்படைத்து ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்தால், கட்டி விற்றவரே தம் செலவில் சரிசெய்ய வேண்டும். சொந்த மனையில் தாமே கட்டுவோருக்கு இச்சட்டம் பொருந்தாது. ஆயினும் வீடு கட்டித் தருவதும் ஒரு சேவையே என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கூறுவதால், அவர்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி, "ஒப்பந்தப் பத்திரம் எங்கே?" என்பதே.

குடும்பத் தலைவர்கள் செய்யத்தக்கவை

முதலாவதாக, அனுமதி பெற்ற வரைபடத்தின் நகல் நம் கையில் வரும்வரை வானம் தோண்ட இடங்கொடுக்க வேண்டாம். இரண்டாவதாக, மண் பரிசோதனை செய்வித்து, காண்டிராக்டரைச் சாராத ஒரு பொறியாளரை நாமே அமர்த்துவோம். கடைக்கால் போடும்போதும், தளத்திற்குக் கம்பி கட்டி முடித்து கான்கிரீட் கொட்டுமுன்னும் அவர் நேரில் வந்து பார்க்கட்டும். மொத்தச் செலவில் அவரது ஊதியம் சிறு பங்கே. மூன்றாவதாக, ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து, எந்தக் கட்டம் முடிந்தால் எவ்வளவு தொகை என்பதை அதில் குறிப்போம். நான்காவதாக, காண்டிராக்டர் முன்பு கட்டிய வீடுகளுக்கே சென்று, அங்கே குடியிருப்போரிடம் ஒரு மழைக்காலம் எப்படிக் கழிந்தது என்று விசாரிப்போம்.

ஐந்தாவது, நம் வீட்டில் வேலை செய்கிறவர்களைப் பற்றியது. 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்துகொண்ட கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் விபத்து உதவியும், பிள்ளைகளின் கல்விக்கு உதவித்தொகையும், முதுமையில் ஓய்வூதியமும் உண்டு. பதிவு செய்யாதவருக்கு இவற்றில் பெரும்பாலானவை இல்லை. "அட்டை வாங்கியாயிற்றா, அம்மா?" என்று மண் சுமக்கும் பெண்மணியை ஒரு வார்த்தை கேட்க நமக்கு எவ்வளவு நேரமாகும்? சாரம் உறுதியாக இருக்கிறதா, தலைக்கவசம் இருக்கிறதா என்று பார்ப்பதும் நம் கடமையே. செலவு மிச்சம் என்று காண்டிராக்டர் விட்டுவிடுவதை நாமும் கண்டும் காணாமல் இருப்போமானால், அந்த மிச்சத்தில் நமக்கும் பங்குண்டு.

புது வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும், ஒருவன் விழுந்து இறந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்று விவிலியத்தின் இணைச்சட்ட நூல் விதித்திருக்கிறது. வீட்டுக்காரனின் சொந்த மாடியே ஆயினும், அதில் ஏறுகிற பிறர் உயிருக்கு அவன் பொறுப்பாளி என்பது அதன் கருத்து. இன்றைய கட்டட அனுமதியின் உட்பொருளும் அதுவே. ஓலை வாசிக்கும்போது கேட்கும் கேள்வியைப் போல, 'இந்த வீட்டால் எவருக்கேனும் தீங்கு உண்டா?' என்று ஊர் நம்மைக் கேட்கிறது. அதற்குப் பதில் சொல்லிக் கையெழுத்திட வேண்டியவர் காண்டிராக்டர் அல்லர், நாமே. ஆகவே, அடுத்த முறை "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் சார்" என்று ஒருவர் சொல்லும்போது, "சரி, முதலில் அந்தக் காகிதங்களை நானும் பார்க்கிறேன்" என்று சொல்லுவோம்.