குழந்தைக் காப்பகங்கள்: அனுமதியும் தர மதிப்பும்

உழைத்துப் பிழைக்கும் குடும்பத்தார்க்குப் பகற்பொழுதில் குழந்தையை யாரிடம் ஒப்புவிப்பது என்பது சிறிய விஷயமன்று. பாட்டியும் அத்தையும் வீட்டோடு இருந்தவரையில் இக்கேள்வி பெரிதாக எழவில்லை. இன்றோ நம் மக்கள் வெளியூர்களிலும், ஆஸ்திரேலியா போன்ற வெளிநாடுகளிலும் குடும்பம் நடத்துகின்றனர். பேரக்குழந்தையை விட்டுச் செல்லும் காப்பகம் ‘சர்க்கார் அனுமதி பெற்றது’ என்றும், ‘தரத்தை எட்டியது’ என்றும் அவர்கள் கூறக் கேட்கிறோம். இவ்விரண்டும் ஒரு பொருளன அல்ல. வேறுபாட்டை அறியாதவர் வீண் அச்சமோ வீண் நம்பிக்கையோ கொள்வர். ஆதலின் அந்நாட்டு ஏற்பாட்டை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

கூட்டுறவு அங்கத்தினர்க்கு இது விளங்குவது எளிது. ஒரு சங்கம் பதிவு பெறுவது ஒன்று. தணிக்கையில் ‘ஏ’ வகுப்போ ‘பி’ வகுப்போ பெறுவது மற்றொன்று. பதிவில்லாத சங்கம் நடக்கவே இயலாது. ஆனால் பதிவு பெற்றதனாலேயே அது நல்ல சங்கம் என்று ஆகிவிடாது. காப்பகத்தின் அனுமதி பதிவைப் போன்றது. தர மதிப்பு தணிக்கை வகுப்பைப் போன்றது.

ஆஸ்திரேலியாவில் 2012 ஆம் ஆண்டு முதல் நாடு முழுமைக்கும் பொதுவான தேசியத் தர ஏற்பாடு நடைமுறையில் உள்ளது. அனுமதி பெற்ற காப்பகம் சில குறைந்தபட்ச விதிகளை நாள்தோறும் காத்தாக வேண்டும். 2 வயது நிரம்பாத குழந்தைகளாயின் 4 பேருக்கு ஒரு பணியாளர் இருத்தல் வேண்டும். 2 முதல் 3 வயது வரை பெரும்பாலான மாநிலங்களில் 5 பேருக்கு ஒருவர். விக்டோரியாவில் மட்டும் 4 பேருக்கு ஒருவர். அதற்கு மேல் பள்ளி சேரும் வரை, மாநிலத்தைப் பொறுத்து, 10 அல்லது 11 பேருக்கு ஒருவர். குழந்தை ஒன்றுக்கு உள்ளே 3.25 சதுர மீட்டரும், வெளியே 7 சதுர மீட்டரும் இடம் வேண்டும். நம் கணக்கில் இவை ஏறக்குறைய 35 சதுர அடியும் 75 சதுர அடியும் ஆகும்.

இனி, தர மதிப்பு. மாநில அதிகாரிகள் காப்பகத்துக்கு நேரில் சென்று ஏழு துறைகளைப் பரிசோதிக்கின்றனர். அவை கற்பிக்கும் முறை, உடல்நலமும் பாதுகாப்பும், இட வசதி, பணியாளர் ஏற்பாடு, குழந்தைகளிடம் பழகும் பாங்கு, பெற்றோருடனும் ஊராருடனும் ஒத்துழைப்பு, நிர்வாகம் என்பன. இவற்றைக் கொண்டு ‘தரத்தை விஞ்சியது’, ‘தரத்தை எட்டியது’, ‘தரத்தை நோக்கி முயல்வது’, ‘பெருந்திருத்தம் தேவை’ என்று மதிப்பிடுகின்றனர். இவற்றுக்கும் மேலான ‘மிகச் சிறந்தது’ என்பதைக் காப்பகமே தேசிய அமைப்பிடம் விண்ணப்பித்துப் பெற வேண்டும்.

இம்மதிப்பைப் படிக்கும் முறை ஒன்றுண்டு. ஏழு துறைகளில் ஆறில் ஒரு காப்பகம் தரத்தை எட்டியிருந்தும், ஒன்றில் குறைந்தால் மொத்த மதிப்பு ‘முயல்வது’ என்றே அமையும். ஆகவே அச்சொல்லைக் கண்டவுடன் அஞ்சுதல் கூடாது. குறைந்த துறை எதுவென்று பார்த்தல் வேண்டும். ஏட்டுக் குறைவு வேறு, பாதுகாப்புக் குறைவு வேறு. ‘பெருந்திருத்தம் தேவை’ என்பதோ, குழந்தையின் நலத்துக்கே அபாயம் உண்டென்னும் கடும் எச்சரிக்கையாகும். மதிப்புகளை எவரும் பார்வையிடப் பொதுப் பதிவேடு உள்ளது. காப்பகத்தின் வாயிலிலும் அறிவித்தல் வேண்டும்.

ஆயினும் மதிப்பு என்பது பரிசோதனை நாளின் சாட்சியே. ஒரு பாவில் நெய்த துணிக்கு இட்ட முத்திரை அடுத்த பாவுக்குச் சாட்சியாகாது அல்லவா? இரு பரிசோதனைகளுக்கிடையே ஆண்டுகள் கழியலாம். நல்ல பணியாளர் விலகிச் செல்லலாம். 2025 ஆம் ஆண்டில் மெல்போர்ன் நகரக் காப்பகங்களில் பணிபுரிந்த ஒருவர் மீது குழந்தைகளுக்குக் கொடுமை இழைத்ததாகப் பல குற்றச்சாட்டுகள் தொடரப்பட்டன. நாடே கலங்கிற்று. பாதுகாப்பு விதிகளை மீறும் காப்பகங்களுக்கு மானியத்தை நிறுத்தும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளிக்கும் சட்டமும் அவ்வாண்டே நிறைவேறிற்று. சட்டமும் மதிப்பும் இருந்த நாட்டிலேயே இவ்வாறாயின், பெற்றோரின் கண்ணுக்கு ஈடாக ஒன்றுமில்லை என்பது தெளிவு.

நம் நாட்டு நிலை வேறு. 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிலையங்களில் காப்பக வசதி வேண்டுமென்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று குழந்தையைப் பார்க்கலாமென்றும் 2017 ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டத் திருத்தம் விதித்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்வுரிமை தொடர்கிறது. ஆனால் வீட்டுத் தறியில் நெய்யும் தாய்க்கும், சொந்த வயலில் களையெடுக்கும் தாய்க்கும் இவ்விதி எட்டுவதில்லை. அங்கன்வாடியோடு காப்பகத்தையும் இணைத்து நடத்த 2022 முதல் ‘பால்னா’ திட்டம் வழிசெய்துள்ளது. அது தம் ஊருக்கு வந்துளதா என்று சங்கங்கள் விசாரித்தறிதல் நலம்.

எந்நாட்டுக் காப்பகமாயினும் கேட்க வேண்டுவன சிலவே. அனுமதி உண்டா? கடைசிப் பரிசோதனை எப்பொழுது நடந்தது? எத்துறையில் குறை கண்டனர்? அதனைத் திருத்தினரா? என் குழந்தையின் அறையில் இப்பொழுது எத்தனை குழந்தைகள், எத்தனை பணியாளர்? முன்னறிவிப்பின்றிப் பெற்றோர் வந்து பார்க்கலாமா? இவற்றுக்கு முகங்கோணாது விடையளிக்கும் இடமே நம்பிக்கைக்குரியது. நூலை வாங்கும்பொழுது சிட்டத்தைப் பிரித்துப் பார்க்கிறோம். விதையை வாங்கும்பொழுது உள்ளங்கையில் இட்டுப் பார்க்கிறோம். குழந்தையை ஒப்புவிக்கும் இடத்தை அதனினும் நுணுகிப் பார்த்தல் நம் கடமையன்றோ!