பழைய கணினிக்கு ஏற்ற லினக்ஸ்

மாணவர்களே, வீட்டில் இருக்கும் பழைய கணினி பழுதாகவில்லை, நன்றாகவே இயங்குகிறது. ஆயினும் அதன் இயங்குதளத்திற்கு இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வாரா என்றால் என் செய்வது? 2025 அக்டோபர் 14ஆம் நாள் விண்டோஸ் 10 பதிப்பிற்கான வழக்கமான ஆதரவு முடிவுற்றபோது இவ்வினா பல வீடுகளில் எழுந்தது. உடனே புதிய கணினி வாங்க இயலாத குடும்பத்திற்கு லினக்ஸ் நல்லதொரு விடையாகும்.

1991ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டது இயங்குதளத்தின் கருப்பகுதி மட்டுமே. அதனுடன் இணைய உலாவி, அலுவலக மென்பொருள், திரைத்தோற்றம் முதலியவற்றைச் சேர்த்து, கணினியில் நிறுவத்தக்க வடிவில் தருவதை ‘வழங்கல்’ என்பர். டெபியன் என்னும் வழங்கல் 1993இல் தொடங்கியது. அதன் அடிப்படையில் 2004இல் உபுண்டு பிறந்தது. உபுண்டுவிலிருந்து லினக்ஸ் மின்ட் உருவாயிற்று. ஒரே மாவில் இட்லியும் தோசையும் ஊத்தப்பமும் ஆவதைப் போன்றது இது.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. சித்தூரிலோ மூணாற்றிலோ அரசுப் பள்ளியில் பயிலும் நண்பரிடம் கேட்டுப் பாருங்கள். கேரளத்தில் 2001இல் தொடங்கப்பெற்ற ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் 2017இல் ‘கைட்’ என்னும் நிறுவனமாயிற்று. பள்ளிக் கணினிகளுக்கென உபுண்டுவைத் தழுவிய வழங்கலை அதுவே உருவாக்கி அளிக்கிறது. ஜியோஜீப்ரா போன்ற பாடத்திற்குரிய மென்பொருள்கள் அதில் முன்னரே சேர்க்கப்பட்டிருக்கும். 18.04, 22.04 என அதன் பதிப்புகள் வந்தன. இவ்வெண்கள் அடிப்படையான உபுண்டு பதிப்பு வெளிவந்த ஆண்டையும் மாதத்தையும் குறிப்பன: 22.04 என்றால் 2022 ஏப்ரல். இத்தகைய நெடுங்கால ஆதரவுப் பதிப்புகளுக்கு உபுண்டு ஐந்தாண்டுகள் திருத்தங்களை வழங்கும். 18.04க்குரிய காலம் 2023இல் முடிந்தது, 22.04க்கு 2027இல் முடியும்.

ஆகவே, வழங்கலைத் தேரும்போது அதன் அழகைக் காட்டிலும் ஆதரவு முடியும் ஆண்டையே முதலில் நோக்க வேண்டும். இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. பணிமாற்றத்தில் இங்கு வந்த புதிதில், திரைத்தோற்றத்தில் மயங்கிச் சிறு குழுவொன்றின் வழங்கலை என் மடிக்கணினியில் நிறுவினேன். இரண்டு ஆண்டுகளில் அக்குழு பணியை நிறுத்திவிட்டது. வேறு வழங்கலுக்கு அவசரமாக மாற முனைந்தேன். கோப்புகளுக்கு நகல் எடுக்கவில்லை. மழைக்கால இரவு, பாதியில் மின்சாரம் போயிற்று. மின்கலமும் பழையது. கணினி மீண்டும் தொடங்கவே இல்லை. என் மகளின் குழந்தைப் பருவப் படங்கள் முழுவதும் அதில் இருந்தன. நல்லவேளையாக, அவை இருந்த வட்டுப்பகுதி பாதிக்கப்படவில்லை. பென் டிரைவில் இருந்த லினக்ஸைக் கொண்டு கணினியை இயக்கி, அவற்றை வேறொரு வட்டில் படியெடுத்தேன்.

அந்தப் பென் டிரைவ் முறை தேர்வுக்கும் உதவும். வட்டில் எதையும் நிறுவாமலே லினக்ஸை இயக்கிப் பார்க்கலாம். ஒலி கேட்கிறதா, வைஃபை இணைகிறதா, அச்சுப்பொறி இயங்குகிறதா, தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்ய முடிகிறதா எனச் சோதித்த பின்னரே நிறுவுக. நினைவகம் 4 ஜி.பி. அல்லது அதற்கு மேல் இருப்பின் லினக்ஸ் மின்ட் பொருந்தும். 2 ஜி.பி. மட்டுமே எனில் லுபுண்டு போன்ற எளிய தோற்றமுடையதை நாடலாம். ஆனால், உலாவியில் பல பக்கங்களை ஒருசேரத் திறந்தால் எந்த வழங்கலும் திணறும். 32 பிட் செயலி கொண்ட மிகப் பழைய கணினிகளைப் பெரும்பாலான வழங்கல்கள் கைவிட்டுவிட்டன. 2025இல் வந்த டெபியன் 13இலும் அவற்றுக்கான நிறுவி இல்லை.

பராமரிப்பு கடினமன்று. வாரம் ஒருமுறை புதுப்பித்தலை இயக்குக. மென்பொருள்களை வழங்கலின் களஞ்சியத்திலிருந்தே பெறுக.

2012இல் வெளிவந்த ராஸ்பெரி பை போன்ற உள்ளங்கை அளவுக் கணினிகளுக்கு மட்டும் கூடுதல் கவனம் தேவை. அதன் இயங்குதளமும் டெபியன் வழிவந்ததே. ஆனால், பெரும்பாலும் அது சிறு நினைவக அட்டையில் இருக்கும். முறையாக அணைக்காமல் மின்னிணைப்பைப் பிடுங்கினால், எழுதிக்கொண்டிருக்கும் கோப்புகள் சிதையக்கூடும். மின்தடை மிகுந்த மலைப்பகுதியில் இருப்போர் அட்டை முழுமைக்கும் நகல் ஒன்றைக் கணினியில் வைத்திருப்பது நலம். அட்டை கெட்டாலும், அந்நகலை வேறோர் அட்டையில் எழுதிச் செருகினால் பழைய அமைப்பு அப்படியே எழும்.